கிளினிக் கொப்பியில் இல்லாத நித்திரை

"வருத்தக்காரருக்கு நித்திரை எங்கிருந்து வரும்?" வென்னப்புவ தொடக்கம் கற்பிட்டி வரை, புத்தளம் கரையோரத்தில் புற்றுநோய் புகுந்த வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழும். கேட்பவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. நோய் வந்தால் நித்திரை போகும், நோய் தீர்ந்தால் அது தானாகத் திரும்பும் என்ற முடிவு கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பரிவோடு சொல்லப்படுவதால் அதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

வீட்டார் இப்படிச் சொல்வதை வைத்தியத்துறையிலும் பலர் வேறு விதமாகச் சொல்கிறார்கள். முதலில் கட்டியைப் பார்ப்போம், இரத்தப் பரிசோதனையைப் பார்ப்போம், நித்திரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நித்திரையையும் அளந்து எழுத வேண்டும் என்று யாராவது சொன்னால் மேலும் மூன்று தடைகள் எழும். அதற்கு இயந்திரம் வேண்டும். மேல்நாட்டு வினாத்தாள்கள் இங்குள்ள சனத்துக்குப் பொருந்தாது. அளந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. இந்த நான்கு வாதங்களும் தவறு. தவறான இந்த வாதங்கள் தொடர்வதால், குறைக்கக்கூடிய துன்பம் ஒன்று குறைக்கப்படாமல் கிடக்கிறது.

நோயாளிக்கு நித்திரை கெடுவது இயல்பு என்பதில் ஒரு பாதி உண்மை. அது மிகப் பரவலான துன்பம். அமெரிக்காவில் கீமோ மருந்தேற்றிக்கொண்டிருந்த 823 புற்றுநோயாளரிடம் ஒக்சானா பலேஷும் உடன் பணியாற்றியோரும் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 43 சதவீதமானோர் நித்திரையின்மை என்ற தனிநோய்க்குரிய அளவுகோல்களை எட்டியிருந்தார்கள். மேலும் 36 சதவீதத்துக்குச் சற்றுக் கூடியோருக்கு அதன் அறிகுறிகள் இருந்தன. பத்துப் பேரில் எட்டுப் பேர் ஏதோ ஒரு வகையில் நித்திரை கெட்டவர்கள்.

ஆனால் பரவலானது என்பதற்காக ஒன்றை விட்டுவிட முடியுமா? வலியும் புற்றுநோயில் பரவலானதுதான். அதையும் நோயின் பங்கென்று சகித்துக்கொள்ளச் சொன்ன காலம் இருந்தது. 1986-இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான மூன்று படி மருத்துவ முறையை வெளியிட்டது. அதன் பின், வலி எவ்வளவு என்று கேட்பதும் அதற்கேற்ப மருந்து கொடுப்பதும் வைத்தியரின் கடமையாகின. இன்று மகரகம புற்றுநோய் வைத்தியசாலையிலோ குருநாகலிலோ ஒரு நோயாளி வலியால் துடித்தால், வருத்தம் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று சொல்லி யாரும் திருப்பி அனுப்புவதில்லை. நித்திரைக்கு மட்டும் அந்தப் பதில் இன்னும் செல்லுபடியாகிறது.

நோய் தீர்ந்தால் நித்திரை திரும்பிவிடும் என்ற மறுபாதி உண்மையே இல்லை. கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் ஜோசே சவார் தலைமையில் 962 நோயாளரை 18 மாதங்கள் பின்தொடர்ந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. சத்திரசிகிச்சைக் காலத்தில் அவர்களில் 59 சதவீதமானோருக்கு நித்திரைக் கோளாறு இருந்தது. ஒன்றரை ஆண்டு கழித்தும் 36 சதவீதமானோருக்கு இருந்தது. கட்டி அகற்றப்பட்ட பிறகும், சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இரவில் விழித்துக்கிடந்தார்கள். தொடக்கம் வேறு காரணத்தால் வந்தாலும், பல மாதங்கள் நீடித்த நித்திரையின்மை தனிப் பழக்கமாக வேரூன்றிவிடுகிறது. பகலில் படுத்து ஈடுசெய்வது, படுக்கையில் விழித்தபடி கிடப்பது, இரவு வருகிறதே என்று அஞ்சுவது ஆகியவை அதற்கு நீர் ஊற்றுகின்றன.

"இயல்பு" என்று சொல்லி முடித்துவிடும்போது காரணங்களைத் தேடும் வேலையும் அத்தோடு நின்றுவிடுகிறது. காரணங்களோ ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். இரவுக் கடலில் கண் சோராமலிருக்க வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் கரையோரத்துக்கு அது அந்நியமான நோயல்ல. வாய்க்கும் கழுத்துக்கும் ஆறேழு வாரம் கதிர்வீச்சுப் பெற்றவருக்கு உமிழ்நீர் வற்றிவிடும். நாக்கு ஒட்டிக்கொள்வதால் இரவில் பல தடவை எழுந்து தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும். பெண்களிடம் முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். தமொக்ஸிபென் குளிசை எடுக்கும் பலருக்கு நடுஇரவில் உடல் கொதித்து வியர்த்து விழிப்பு வரும். மருந்தேற்றலோடு கொடுக்கப்படும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தை மாலையில் விழுங்கியவருக்கு அன்றிரவு நித்திரை கிட்டாமல் போகலாம். இன்னொருவருக்கு வலி, வேறொருவருக்கு இருமல், மற்றொருவருக்கு முடிவு என்னவாகுமோ என்ற பயம். இத்தனையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே நித்திரையின்மை. கேட்டு அளந்து பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மருத்துவம் உண்டு. ஸ்டீரொயிட்டால் விழித்திருப்பவருக்குத் தேவை வைத்தியரிடம் கேட்டு அந்தக் குளிசையைக் காலைக்கு மாற்றுவது மட்டுமே. அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

"பகல் முழுக்கப் படுத்துத்தானே கிடக்கிறார், இன்னும் என்ன நித்திரை?" என்பது இதே வாதத்தின் இன்னொரு வடிவம். படுத்துக்கிடப்பதும் நித்திரை கொள்வதும் ஒன்றல்ல. புற்றுநோய்க் களைப்பு ஓய்வெடுத்தாலும் தீராதது. சோனியா அன்கோலி-இஸ்ரேலும் குழுவினரும் மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களை மருந்தேற்றல் தொடங்குவதற்கு முன்பே ஆராய்ந்தபோது, அப்போதே அவர்களின் இரவு நித்திரை குலைந்திருந்தது, பகலில் நீண்ட நேரம் உறங்கினார்கள். பகலும் இரவும் ஒன்றோடொன்று கலந்து, உடலின் நேர ஒழுங்கே தளர்ந்துபோகிறது. இந்த நிலையிலுள்ளவரைப் பார்த்து "நல்லாப் படுங்கள்" என்று சொல்வது அன்பான சொல்தான். ஆனால் அது அவருடைய இரவை இன்னும் கெடுக்கும் ஆலோசனை.

இயந்திரம் வேண்டும் என்ற வாதத்துக்கு வருவோம்.

ஆய்வுகூட நித்திரைப் பரிசோதனையில் மூளை அலை, கண் அசைவு, தசை இறுக்கம், மூச்சு, இரத்த ஒட்சிசன் எல்லாம் இரவு முழுதும் பதிவாகும். மூச்சு நின்று நின்று வரும் நோயைக் கண்டுபிடிக்க அதற்கு நிகரில்லை. ஆனால் நித்திரையின்மையைக் கண்டறிய அது கட்டாயமென்று நித்திரை மருத்துவம் சொல்வதில்லை. நித்திரையின்மை என்பது நோயாளி உணர்ந்து சொல்லும் துன்பம். வாரத்தில் மூன்று இரவாவது நித்திரை பிடிக்கவில்லை, அல்லது இடையில் குலைகிறது, அது பகலைப் பாதிக்கிறது, இப்படி மூன்று மாதம் நீடிக்கிறது என்பதைக் கேட்டுத்தான் அந்த நோய் நிர்ணயிக்கப்படுகிறது. வலியை அளக்கும் கருவியும் உலகத்தில் இல்லை. பூச்சியத்திலிருந்து பத்து வரை எவ்வளவு என்று கேட்டு, நோயாளி சொல்லும் எண்ணை நம்பித்தான் மோபின் அளவு தீர்மானிக்கப்படுகிறது. வலிக்குப் போதுமானதாயிருக்கும் நோயாளியின் சொல், நித்திரைக்கு வரும்போது மட்டும் ஏன் போதாததாகிறது?

கையில் கட்டும் கடிகாரங்களும் இந்த இடத்தை நிரப்பிவிடா. வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளை அனுப்பிய கடிகாரம் காலையில் "ஏழு மணிநேர நித்திரை" என்று காட்டினால் வீடே நிம்மதியடையலாம். இவ்வகைக் கருவிகள் பெரிதும் நம்பியிருப்பது கையின் அசைவை. விழித்தபடி அசையாமல் கிடப்பவரை நித்திரையில் இருப்பவராகக் கணக்கிடும் பிழை ஆய்வுக்குரிய கருவிகளிலேயே நன்கு அறியப்பட்டது. புரண்டால் வலிக்கும் என்று அசையாமல் கிடப்பவரிடமும், வீட்டார் எழும்பிவிடக் கூடாதென்று ஓசையின்றி இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயிடமும் அந்தப் பிழை இன்னும் பெரிதாகும். இந்தக் கருவிகளுக்குப் பயனுண்டு. பரவிய மார்பகப் புற்றுநோய் கண்ட 97 பெண்களிடம் கைக்கருவியால் அளந்து 2014-இல் வெளியான ஆய்வு, படுக்கை நேரத்தில் கூடிய பங்கை நித்திரையில் கழித்தோர் கூடிய காலம் வாழ்ந்ததாகக் கண்டது. நித்திரைதான் ஆயுளைக் கூட்டியது என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. அளக்கத்தக்க விடயம் இது என்பதை மட்டும் அது உறுதியாகக் காட்டுகிறது. ஆனால் நோயாளி ஒன்று சொல்ல, கடிகாரம் இன்னொன்று சொன்னால், நோயாளியைப் பொய்யராக்கக் கூடாது.

இயந்திரம் இல்லாமலே அளக்கும் வழிகள் பழகியவை. பிற்ஸ்பேர்க் நித்திரைத் தரச் சுட்டி 1989-இல் டானியல் பைசி குழுவினர் வெளியிட்டது. கடந்த ஒரு மாதத்தைப் பற்றி 19 கேள்விகள், பூச்சியம் முதல் 21 வரை புள்ளி, ஐந்துக்கு மேல் என்றால் நித்திரைத் தரம் குறைவு. இன்னும் சுருக்கமானது ஷார்ல் மொரான் உருவாக்கிய நித்திரையின்மைக் கடுமைச் சுட்டி. அதில் ஏழே கேள்விகள், 28 வரை புள்ளி. புற்றுநோயாளரிடம் சோதித்து, எட்டு என்ற எல்லை பொருத்தமானதென்று சவார் குழு 2005-இல் காட்டியது. ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் 30 கேள்வி வாழ்க்கைத் தர வினாத்தாள் இலங்கை நோயாளரிடமும் சோதிக்கப்பட்ட ஒன்று. நித்திரை பற்றி அதில் ஒரே கேள்விதான் உண்டு. வாசலில் நின்று கேட்பதற்கு அந்த ஒன்று போதும், உள்ளே போய்ப் பார்ப்பதற்குப் போதாது. எல்லாவற்றிலும் எளியது நித்திரைக் குறிப்பு. எத்தனை மணிக்குப் படுத்தார், எப்போது நித்திரை பிடித்தது, எத்தனை தடவை எழுந்தார், காலையில் எப்போது எழும்பினார் என்று இரண்டு வாரம் தினமும் காலையில் எழுதுவது. எழுதத் தெரியாதவருக்குப் பாடசாலை போகும் பேரப்பிள்ளை எழுதிக்கொடுக்கலாம்.

வினாத்தாள் இங்குள்ளோருக்குப் பொருந்தாது என்ற மூன்றாவது வாதம், நான்கிலும் கூடிய மதிப்புக்குரியது. பிற்ஸ்பேர்க் சுட்டி இரவில் படுத்து காலையில் எழும் ஒருவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. புத்தளம் கடனீரேரியில் இரவில் வலை போட்டுப் பொழுது புலர்ந்தபின் கரையேறும் மீனவர், முந்தல் பக்கத்து இறால் பண்ணையில் இரவுக் காவல் இருந்தவர், நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் முறைவேலை பார்த்தவர் ஆகியோர் பல ஆண்டுகள் பகலில் நித்திரை கொண்டு பழகியவர்கள். நோய் வந்து வேலையை விட்ட பின்னும் உடல் அந்தப் பழக்கத்தை உடனே விடுவதில்லை. அவர்களிடம் இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று மட்டும் கேட்டால் புள்ளி தவறாகத்தான் வரும். அதுபோலவே நோன்பு மாதம். நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டென்றாலும், தராவீஹ் தொழுகை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரமும் சஹர் உணவுக்கு அடுப்பு மூட்டும் நேரமும் அந்த வீட்டின் இரவையே மாற்றிவிடும். அந்த மாதத்தின் சுட்டியை வைத்து நோய் கூடியதாகக் கணக்கிடுவது பிழை.

இன்னொரு பிழை கிளினிக் நாளிலேயே ஒளிந்திருக்கிறது. கற்பிட்டியிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் நான்கைந்து மணிநேரம், அங்கிருந்து மகரகமவுக்கு மேலும் ஒரு பயணம். காலையில் இலக்கம் எடுக்க வேண்டியவர் முதல்நாள் நடுஇரவிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டிருப்பார். அவரிடம் "நேற்று நித்திரை எப்படி?" என்று கேட்டால் கிடைப்பது பஸ் இருக்கையைப் பற்றிய பதில். தொலைவிலிருந்து வருவோரிடம் நேற்றைய இரவைக் கேட்காமல், கடந்த வாரத்தை அல்லது கடந்த மாதத்தைக் கேட்க வேண்டும்.

இவையெல்லாம் உண்மை. ஆனால் இவற்றிலிருந்து அளக்கவே வேண்டாம் என்ற முடிவு எப்படி வரும்? சட்டை பெரிதாயிருந்தால் தைத்துச் சுருக்குவார்கள், பிள்ளையை வெறும் மேலோடு விடமாட்டார்கள். கேள்விகளை இருபத்து நான்கு மணிநேரத்துக்கும் விரிக்கலாம். பழைய தொழில் என்ன, நோய்க்கு முன் எப்போது நித்திரை கொண்டீர்கள் என்று சேர்த்துக் கேட்கலாம். நோன்பு, திருவிழா, நீண்ட பயணம் என்று ஓர் அடையாளம் இடலாம். எல்லைப் புள்ளிகளும் கல்லில் வெட்டியவையல்ல. பிற்ஸ்பேர்க் சுட்டியின் ஐந்து என்ற எல்லை நோயாளருக்குத் தாழ்வானது, எட்டு பொருத்தம் என்று ஜேனட் கார்ப்பென்டரும் மைக்கேல் அன்ட்ரிகோவ்ஸ்கியும் 1998-இலேயே எழுதினார்கள். அமெரிக்க நோயாளருக்காக அமெரிக்கச் சுட்டியையே திருத்தலாமென்றால், உடப்புக்கும் கற்பிட்டித் தீவுகளுக்கும் ஏற்பத் திருத்துவதில் என்ன தயக்கம்?

இந்தக் கரையோரத்துக்கு அந்தச் சுட்டியில் மிகப் பயன்படக்கூடிய பகுதி, புள்ளியிலேயே சேராத பகுதி. அருகில் படுப்பவரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள் அதில் உண்டு. உரத்த குறட்டை உண்டா, மூச்சு இடையில் நீண்ட நேரம் நிற்கிறதா என்று அவை கேட்கின்றன. வாய், தொண்டை, கழுத்துச் சிகிச்சைக்குப் பின் மூச்சுப்பாதை வீங்கியோ இறுகியோ, நித்திரையில் மூச்சு தடைப்படும் நோய் வரலாம். நித்திரையில் நிகழ்வதால் நோயாளிக்கு அது தெரியாது, பகலில் தூங்கி வழிவது மட்டுமே தெரியும். ஒரே கூடத்தில் பாய் விரித்துக் குடும்பமாகப் படுக்கும் வீடுகளில் அந்த ஐந்து கேள்விகளுக்கும் மனைவியோ மகளோ உடனே பதில் சொல்வார்கள். கிளினிக்குக்குத் துணையாக வருபவரும் பெரும்பாலும் அவர்களே. அவரை வெளியே இருத்தாமல் உள்ளே அழைத்துக் கேட்டால், ஆய்வுகூடப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியவர் யார், அனுப்பத் தேவையில்லாதவர் யார் என்று பிரித்தெடுக்கலாம்.

கடைசி வாதம், அளந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது. இதைச் சொல்வோர் மனதில் இருப்பது நித்திரைக் குளிசை. கேட்டால் குளிசை கொடுக்க வேண்டிவரும், குளிசை நல்லதல்ல, ஆகவே கேட்காதிருப்போம் என்ற தர்க்கம் அது. குளிசை பற்றிய அச்சம் நியாயமானது. டயசிபாம் வகை மருந்துகளால் முதியோர் இரவில் தடுக்கி விழுகிறார்கள். மோபின் போன்ற வலிமருந்தோடு சேரும்போது மூச்சே அடங்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-இல் கடுமையான எச்சரிக்கையை அந்த மருந்துகளின் விவரச்சீட்டிலேயே சேர்க்க வைத்தது. வலியை ஐந்தாவது உயிர்க்குறியாக எண்ணி அளக்கச் சொன்ன அமெரிக்க இயக்கம், எண்ணைப் பார்த்தவுடன் ஓபியம் வகை மருந்தை அள்ளிக்கொடுக்கும் பழக்கத்துக்குத் துணைபோனது என்ற குற்றச்சாட்டும் உண்டு. அளவுக்கும் மருந்துக்கும் இடையில் காரணம் தேடும் ஒரு படி தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு அது பாடம். அளக்காதிருப்பதற்கு அது பாடமாகாது. அளக்காத இடத்தில்தான் குளிசை கேள்வியின்றி நுழைகிறது. நித்திரையில்லை என்று ஒரு வரி முறைப்பாடு, ஒரு சீட்டு, மாதக்கணக்காக அதே குளிசை. யாரும் எண்ணாததால் அது உதவியதா என்பதும் யாருக்கும் தெரியாது.

முதல் மருத்துவம் குளிசையல்ல என்பது இன்று சர்வதேச உடன்பாடு. அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016-இலும், ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் புற்றுநோயாளருக்கென்றே 2023-இலும் வெளியிட்ட வழிகாட்டல்கள், நித்திரையின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை முன்னால் வைக்கின்றன. அதன் உள்ளடக்கம் பாமரருக்கும் விளங்கக்கூடியது. நித்திரை வரும்போது மட்டும் பாயில் சாய்வது, இருபது நிமிடமளவில் பிடிக்கவில்லையென்றால் எழுந்து வேறிடத்தில் அமர்வது, எப்படி உறங்கினாலும் ஒரே நேரத்தில் எழும்புவது, பகல் உறக்கத்தைச் சுருக்குவது, இரவைப் பற்றிய பயங்களைப் பேசித் தெளிவது. படுக்கும் நேரத்தை எவ்வளவு சுருக்க வேண்டும் என்பதை இரண்டு வாரக் குறிப்பிலிருந்தே கணக்கிடுகிறார்கள். படுக்கையில் ஒன்பது மணிநேரம் கிடந்து ஐந்தரை மணிநேரமே உறங்கும் ஒருவருக்கு, முதலில் ஆறு மணிநேரமளவே பாய் விரிக்கச் சொல்வார்கள். நித்திரை இறுகியதும் மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். குறிப்பு இல்லாமல் இந்தச் சிகிச்சையைத் தொடங்கவே முடியாது. அளப்பதே இங்கு மருத்துவத்தின் முதல் வேலை.

அதைச் சொல்லிக்கொடுக்க உளவியலாளர் கரையோரத்தில் எங்கே இருக்கிறார் என்ற கேள்வி வரும். சவார் குழு மார்பகப் புற்றுநோய் கண்ட 242 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. நிபுணர் நேரில் அளித்த சிகிச்சையே கூடிய பலன் தந்தது. அதே பாடத்தை வீட்டில் காணொளியில் பார்த்தோரும், சிகிச்சை எதுவும் பெறாதோரைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிதான கரையோரத்தில், தமிழிலும் சிங்களத்திலும் அப்படியொரு காணொளி நடைமுறைக்கு அப்பாற்பட்டதல்ல.

நேரமில்லை என்ற முறையீடு உண்மையானது. நிரம்பி வழியும் கிளினிக்கில் வைத்தியர் 19 கேள்விகள் கேட்க முடியாது, கேட்கவும் தேவையில்லை. எடை பார்க்கும் மேசையில் தாதி ஒரே கேள்வி கேட்கலாம்: போன கிழமை நித்திரை எப்படி, பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள். அந்த எண் எடைக்குப் பக்கத்தில் கொப்பியில் ஏறும். மோசமென்று சொன்னவர், வைத்தியருக்காகக் காத்திருக்கும் நேரத்திலேயே ஏழு கேள்வித் தாளை நிரப்புவார். அதிலும் புள்ளி கூடினால் இரண்டு வாரக் குறிப்புத் தாளோடு வீடு போவார். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளோடு இயங்கும் பொதுச் சுகாதார தாதியர் அதை வீட்டருகே பார்க்கலாம். 2019 முதல் 2023 வரைக்கான தேசிய நோய்தணிப்புப் பராமரிப்புச் சட்டகமும், இத்தகைய பராமரிப்பைப் பெரிய வைத்தியசாலைகளுக்கு வெளியே, சமூகத்துக்குள் கொண்டுசெல்வதையே நோக்காகக் கொண்டிருந்தது.

இதைத் தொடங்கப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ தேவையில்லை. சிலாபத்திலோ புத்தளத்திலோ ஒரு கிளினிக், ஆறு மாதம், கொப்பியில் ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும். எத்தனை பேர் வலியால் விழித்திருக்கிறார்கள், எத்தனை பேர் மாலையில் விழுங்கிய ஸ்டீரொயிட்டால், எத்தனை பேர் வாய் வறண்டு, எத்தனை பேர் பயத்தால் என்ற கணக்கு முதன்முறையாகக் கையில் இருக்கும். மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் ஓர் உளவளத்துணையாளர் பதவியையோ, வலிமருந்துக் கையிருப்பையோ, கொழும்புப் பரிசோதனைக்கான போக்குவரத்தையோ கேட்கப் போகிறவர்கள் அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு போகலாம்.